காலிக் கட்டத்தில் பூஜ்ஜியம்

ஜூன் 3, செவ்வாய்

"டீச்சர், தெரியாத கேள்விய அப்படியே காலியா விட்டுடலாமா?"

நான் கணக்கு டீச்சராகச் சேர்ந்த புதிதில் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி கேட்டாள். "எதையாவது எழுதி வை. காலியா விட்டா பூஜ்ஜியம்தான்" என்றேன். ஓய்வு பெறும்வரை எல்லா வகுப்பிலும் அதையேதான் சொன்னேன். இன்று பயிற்சி வகுப்பில் திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவள் ஞாபகம் வந்தது.

நூலகத்தின் மாடியில் வகுப்பு. தரவு மாற்றப் பயிற்சி என்று பெயர். தாறுமாறாகக் கிடக்கிற அட்டவணையைக் கணினியில் ஒழுங்காக்கி, அதிலிருந்து விடை எடுக்கும் வேலை. பாடமே கிடையாது, பயிற்சிதான். முதல் பயிற்சியில் ஒரே கட்டத்தில் பெயரும் வீட்டு எண்ணும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. இரண்டு கட்டமாகப் பிரிக்க வேண்டும். உப்பும் மணலும் கலந்தால் தண்ணீர் ஊற்றிப் பிரிப்போமே, அப்படி இங்கே தண்ணீர் எது என்று கண்டுபிடித்தால் போதும். இங்கே அது ஒரு காற்புள்ளி.

பயிற்சியாளருக்கு என் மகள் வயது இருக்கும். சிரிப்பதற்கு வரி கட்ட வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போல. "டீச்சர், மவுஸ அப்படிப் பிடிச்சு இழுக்காதீங்க. அது சாக்பீஸ் இல்ல." வகுப்பே சிரித்தது.

ஒரே ஒரு விதி சொன்னார். மூலக் கோப்பில் கை வைக்கக்கூடாது. நகல் எடுத்து அதில்தான் எந்த மாற்றமும். நல்ல விதி. சொன்ன விதம்தான் சகிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். தங்கை சொன்னாள்: "வீட்ல உக்காந்து என்னைத் திருத்தறதுக்கு அங்க போய் அடி வாங்கறது தேவலாம். போயிட்டு வா."

ஜூன் 5, வியாழன்

ஹாரனோடு இன்று நேருக்கு நேர் சண்டை.

எங்கள் குடியிருப்பு மேட்டில் இருக்கிறது. பஸ் ஏறி வராது. அதனால் சங்கம் இரண்டு வேன் வைத்திருக்கிறது. ஒன்றை ஓட்டுகிறவர் "வாங்கம்மா, வாங்கம்மா" என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் பெயரே வாங்கம்மா ஆகிவிட்டது. இன்னொருவர் நீல வண்டிக்காரர். வாயைத் திறக்க மாட்டார், ஹாரனைத்தான் அடிப்பார். அதனால் ஹாரன்.

தங்கைக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கால் இழுக்கிறது. அவளை நீல வண்டிதான் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போகிறது. லிஃப்ட் வரத் தாமதம்; நாங்கள் வாசலுக்கு வருவதற்குள் அவர் அடித்த அடியில் காதே கிழிந்தது.

"கால் முடியாதவங்க வர்றாங்கன்னு தெரியாதா? எதுக்கு இப்படி அடிக்கறீங்க?" என்றேன்.

"மணி அடிச்சாத்தானே டீச்சர் உங்க பசங்க வகுப்புக்கு வந்திருப்பாங்க? இதுவும் அதேதான்."

தங்கை சிரித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் தங்கை, என் எதிரில், அந்த ஆளின் பேச்சுக்கு!

ஜூன் 8, ஞாயிறு

சங்கச் செயலாளர் வீடு தேடி வந்தார். கையில் ஒரு கட்டுத் தாள். பல வீடுகளில் சொந்த வண்டி வந்துவிட்டதாம், இனி ஒரு வேன் போதுமாம். யாரை வைத்துக்கொள்வது என்று வேனில் போகிறவர்களிடம், அவரவர் போகிற வண்டிக்காரர் பெயரை எழுதச் சொல்லி மதிப்பெண் வாங்கியிருக்கிறார். நேரத்துக்கு வருகிறாரா, பத்திரமாக ஓட்டுகிறாரா, கனிவாகப் பேசுகிறாரா. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை.

"நீங்கதான் இதைப் படிக்கறீங்களாமே. கூட்டிக் கழிச்சு யாருக்கு அதிகம்னு சொல்லுங்க போதும்."

தங்கை உள்ளே இருந்து குரல் கொடுத்தாள். "மனுஷனுக்கெல்லாம் மார்க் போடறீங்களா? நாளைக்கு எங்களுக்கும் போடுவீங்களா?"

செயலாளர் கேட்காத மாதிரி இருந்தார். நானும்தான்.

சொந்தத் தரவு எதையாவது கொண்டுவந்து பயிற்சி செய்யுங்கள் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். இதோ, கையில் வந்து விழுந்திருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

நல்ல நாள். அப்படித்தான் எழுத வேண்டும்.

தாள்களை எல்லாம் தட்டச்சு செய்து எடுத்துப் போயிருந்தேன். முதல் வேலை பெயர்களைச் சீராக்குவது. ஒருவர் "நீல வண்டி", ஒருவர் "நீலவண்டி", ஒருவர் "ஹாரன்". நான் அடித்ததில் சில பெயர்களுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி வேறு. கணினி ஒரே மனிதரை நான்கு பேராக எண்ணியது. திருத்தினேன்.

அடுத்தது அட்டவணையை நெட்டுக்குத்தாக மாற்றுவது. ஒரு வீட்டுக்கு ஒரு வரிசை, அதில் மூன்று கட்டம் என்று இருந்ததை, ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு வரிசை என்று ஆக்க வேண்டும். பக்கத்து இருக்கைக்காரருக்குப் புரியவில்லை. நான் சொன்னேன்: "பெஞ்சுக்கு மூணு பேரா உக்காந்திருக்கற பிள்ளைங்கள மைதானத்துல ஒத்த வரிசைல நிக்க வைக்கறோம். யார் எந்த பெஞ்சுன்னு மறந்துடாம இருக்க ஆளுக்கொரு சீட்டு சட்டைல குத்திடறோம். அவ்வளவுதான்." அவருக்குப் புரிந்துவிட்டது. பயிற்சியாளர்கூட ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை.

வரிசையில் அங்கங்கே காலிக் கட்டங்கள் இருந்தன. பெரும்பாலும் ஹாரனுக்கு, "கனிவாகப் பேசுகிறாரா" என்ற கேள்வியில். அப்படியே விட்டால் பார்க்கப் பொத்தலாக இருந்தது. காலியை நிரப்ப ஒரு பொத்தான் இருக்கிறது. பூஜ்ஜியம் என்று அடித்தேன். ஒரே தட்டு.

சராசரி வந்தது. வாங்கம்மா முதல். ஹாரன் பாதாளத்தில்.

பொய் சொல்வானேன், மனசு குளிர்ந்தது.

ஜூன் 12, வியாழன்

செயலாளரிடம் கொடுத்தேன். "பிரமாதம் டீச்சர், எண்ணே பேசுதே!" என்றார். தங்கையிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் டிவியின் சத்தத்தைக் கூட்டினாள்.

ஜூன் 15, ஞாயிறு

நீல வண்டி நின்றது. ஹாரனை வேலையிலிருந்து நிறுத்திக் கடிதம் கொடுத்துவிட்டார்களாம்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று நடந்ததை மறைக்காமல் எழுதியே ஆக வேண்டும்.

இன்றைய பயிற்சி ஒரு வெப்பநிலை அட்டவணை. சில நாட்களுக்கு எண் இல்லை. மாதச் சராசரி கேட்டார்கள். நான்தான் முதலில் முடித்தேன். பயிற்சியாளர் என் திரையைப் பார்த்தார்.

"டீச்சர், இந்தத் தேதில ஊரே உறைஞ்சு போச்சா?"

"ஏன்?"

"பூஜ்ஜியம் டிகிரின்னு போட்டிருக்கீங்களே."

"அன்னைக்கு எண்ணே இல்ல. அதான்..."

"எண் இல்லன்னா, கருவி வேலை செய்யல, இல்ல யாரும் போய்ப் பாக்கல. குளிரா வெயிலான்னு நமக்குத் தெரியாது. தெரியாதுங்கறது ஒரு எண் இல்ல டீச்சர்." பிறகு வகுப்பு முழுவதற்கும் கேட்கிற மாதிரி: "பரீட்சைப் பேப்பர் திருத்தறவங்கதான் காலியப் பாத்ததும் பூஜ்ஜியம் போடுவாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஹாரனின் காலிக் கட்டங்களில் நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எட்டு, எட்டு, காலி, காலி. சொன்னவர்கள் இரண்டு பேர், சராசரி எட்டு. காலியில் பூஜ்ஜியம் போட்டால் நான்கு பேர், சராசரி நான்கு. ஐந்தாம் வகுப்புக் கணக்கு! ஐந்தாம் வகுப்புக் கணக்கு, எனக்கு!

ஜூன் 18, புதன்

மூலக் கோப்பு அப்படியே இருந்தது. அந்தக் கடுகடுப்புக்காரர் சொன்ன விதியால் தப்பியது. நகலை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து செய்தேன். பூஜ்ஜியம் போடாமல்.

ஹாரன் முன்னால். கொஞ்சம்தான், ஆனால் முன்னால். நேரத்துக்கு வருவதிலும் பத்திரமாக ஓட்டுவதிலும் அவரை நெருங்க ஆளில்லை.

காலியாக விட்டவர்கள் யார் என்று வீட்டு எண்ணைத் தேடினேன். அதில் ஒன்று எங்கள் வீடு. தட்டச்சு செய்தபோது கவனிக்கவே இல்லை.

"நீயா காலியா விட்ட?"

"ஆமா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டியா? தாளை வாங்கின, தட்டின, ராணி மாதிரி கொண்டுபோய்க் குடுத்த. எதிர்ல உக்காந்திருக்கறவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா அக்கா?"

"கேள்வி இருந்துச்சே, பதில் எழுதித் தொலைக்க வேண்டியதுதானே?"

"அந்த ஆள் பேசவே மாட்டார். பேசாத ஆளு கனிவாப் பேசறாரான்னு கேட்டா என்ன எழுதறது? எட்டுன்னா பொய். ரெண்டுன்னா துரோகம். பிசியோதெரபி வாசல்ல, மழைல, வண்டியப் படிக்கட்டோட ஒட்டி நிறுத்திட்டு, நான் இறங்கி உள்ள போற வரைக்கும் முன்னாடியே பாத்துட்டு உக்காந்திருப்பார். அதுக்கு ஒரு கட்டம் வச்சிருந்தியா உன் தாள்ல?"

தாள் என்னுடையது இல்லை, செயலாளருடையது என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

அவள் இந்த வாரம் பிசியோதெரபிக்குப் போகவில்லை. வாங்கம்மா இனிமையாகப் பேசிக்கொண்டே பெரிய சாலையில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறாராம். அங்கிருந்து நடக்க வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

செயலாளரிடம் போனேன். தவறு என்னுடையது, கணக்கு இது என்று காட்டினேன்.

"முடிஞ்ச விஷயம் டீச்சர்."

"முடிவு தப்பான எண்ணுல எடுத்தது சார்."

"அந்த எண்ணக் குடுத்ததே நீங்கதானே? இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணுன்னா உங்க கம்ப்யூட்டரா, கிளி ஜோசியமா?"

வகுப்புக்குப் போகவில்லை.

ஜூன் 21, சனி

காலியாக விட்ட எல்லா வீட்டுக் கதவையும் தட்டினேன். ஏன் விட்டீர்கள் என்று கேட்பதற்கு.

"நிம்மதியா இருந்த மனுஷனத் துரத்திட்டு இப்ப சர்வே எடுக்க வந்தீங்களா?" ஒரு கதவு.

"கண்ணாடி போடாம எழுதினேன், அந்தக் கேள்வி தெரியல." ஒரு கதவு.

"எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது. ஆனா வேலைக்கு வேட்டு வைக்க மனசு வரல, விட்டுட்டேன்." இது இன்னொரு கதவு. இவர் நிரப்பியிருந்தால் உண்மையிலேயே இரண்டு மார்க்தான் போட்டிருப்பார். இதையும் எழுதித்தான் வைக்க வேண்டும். எனக்குச் சாதகமாக இருப்பதை மட்டும் பொறுக்கினால் மறுபடி அதே குற்றம்.

மேல்மாடி அம்மா கதவைத் திறக்கவே இல்லை. உள்ளிருந்து, "டீச்சரா? நான் வீட்ல இல்ல" என்றார்.

ஜூன் 23, திங்கள்

கடைத்தெருவில் ஹாரனைப் பார்த்தேன். பள்ளி வேன் ஒன்றில் வேலை கேட்டிருக்கிறார். முந்தைய இடத்துக் கடிதத்தைக் காட்டச் சொன்னார்களாம். அதில் "பயணிகள் அளித்த மிகக் குறைந்த மதிப்பெண் காரணமாக நிறுத்தப்பட்டார்" என்று இருக்கிறது. குழந்தைகள் ஏறும் வண்டியை இப்படிப்பட்டவரிடம் யார் கொடுப்பார்கள்?

நான் நடந்ததைச் சொன்னேன். எட்டு, எட்டு, காலி, காலி என்று விளக்கவும் ஆரம்பித்துவிட்டேன். புத்தி!

"எனக்குப் பாடம் நடத்தாதீங்க டீச்சர்."

"மன்னிச்சுடுங்க. நான்..."

"நான் ஹாரன் அடிச்சேன். நீங்க ஆளையே அடிச்சிட்டீங்க." போய்விட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

பயிற்சியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எனக்கு ஓர் எண்ணம். யாரிடம் போய் எதை எதிர்பார்க்கிறேன்?

"சரியான விடையக் குடுத்தா மட்டும் போதாது டீச்சர். எந்தப் படில என்ன செஞ்சீங்க, எங்க தப்பு, யார் செஞ்சதுன்னு வரிசையா எழுதி விடையோட சேத்து ஒட்டணும். இல்லன்னா உங்க ரெண்டாவது எண்ண எவன் நம்புவான்? நானே நம்ப மாட்டேன்."

உட்கார்ந்து எழுதினேன். பெயரைச் சீராக்கியது, நெட்டுக்குத்தாக மாற்றியது, பூஜ்ஜியம் போட்டது. அந்தப் படிக்கு எதிரே: "தவறு. செய்தவர் நான்." கீழே கையெழுத்து. அவர் வாங்கிப் படித்து இரண்டு இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். திருத்தி எழுதினேன்.

ஜூன் 25, புதன்

அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். மாலையில் செயலாளர் கிழித்துவிட்டார்.

ஜூன் 26, வியாழன்

மறுபடி ஒட்டினேன். அதன் மேல் யாரோ "டீச்சரே ஃபெயில்" என்று கிறுக்கியிருக்கிறார்கள். கிறுக்கியது இருக்கட்டும். கிழிக்காதவரை சரி.

ஜூன் 29, ஞாயிறு

பொதுக்கூட்டம். இவ்வளவு வெறுப்பை ஒரே அறையில் நான் பார்த்ததில்லை, ஆசிரியர் அறையில்கூட.

"வாங்கம்மாவோட பொழப்புல மண்ணள்ளிப் போட வந்திருக்கீங்களா?" என்று முன்வரிசை.

"அவர் வேலைய யாரும் கேக்கல. தப்பா எழுதின கடிதத்தத்தான் மாத்தச் சொல்றேன்."

"உங்களுக்கும் ஹாரனுக்கும்தான் ஆகவே ஆகாதே. அதனாலதானே போட்டீங்க பூஜ்ஜியம்?"

இதைக் கேட்டது மேல்மாடி அம்மா. அன்று வீட்டில் இல்லாதவர்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாங்கம்மாவுக்கு இருந்த ஒன்றிரண்டு காலியிலும் பூஜ்ஜியம்தான் போட்டேன், பழக்கத்தில் கை தானாகப் போனது, அதுவும் உண்மை. ஆனால் விடை வந்ததும் ஒருமுறைகூட ஏன் சரிபார்க்கவில்லை? பிடித்த விடையாக இருந்தது. அதனால்தான்.

"ஆமா. விடை எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதான் சரிபாக்கல" என்றேன்.

செயலாளர் எழுந்தார். "ஒரு வண்டிதான். முடிவு மாறாது. கூட்டம் முடிஞ்சுது."

எல்லோரும் போனார்கள். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. அவர் விளக்கை அணைத்தார். மறுபடி போட்டார்.

"என்ன டீச்சர் வேணும் உங்களுக்கு?"

"பேப்பர் திருத்தி முடிக்காம நான் அறைய விட்டுப் போனதில்ல சார். நீங்க போங்க, நான் இருக்கேன்."

தங்கை என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, ஊன்றுகோலை வாசலுக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டாள். "எனக்கும் அவசரமில்ல. எங்க போகணும் நான்? கூட்டிப் போகத்தான் ஆளில்லையே."

செயலாளர் எங்கள் இருவரையும் பார்த்தார், ஊன்றுகோலைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து புதுக் கடிதம் எழுதினார். "வண்டிகளைக் குறைத்ததால் நிறுத்தப்பட்டார். முந்தைய கடிதத்தில் குறிப்பிட்ட மதிப்பெண் தவறானது." நான் படித்துப் பார்த்து, தேதி விட்டுப்போனதைச் சொன்னேன்.

"நீங்கள்லாம் எப்படி டீச்சர் ஆனீங்க!" என்றார். தேதியைப் போட்டார்.

ஜூன் 30, திங்கள்

கடிதத்தைத் தங்கைதான் கொடுத்தாள். என் கையால் அவர் வாங்க மாட்டார். "படிச்சுப் பாத்தார். மடிச்சு வச்சுக்கிட்டார். ஒண்ணும் சொல்லல" என்றாள்.

ஒன்றும் சொல்லவில்லை. அதை நல்லது என்றும் எடுக்கக்கூடாது, கெட்டது என்றும் எடுக்கக்கூடாது. தெரியாது, அவ்வளவுதான்.

ஜூலை 3, வியாழன்

பயிற்சி வகுப்பு கடைசி நாள். பயிற்சியாளர் என் படிகள் எழுதிய தாளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த வகுப்புக்குக் காட்டுவாராம், எப்படிச் செய்யக்கூடாது என்பதற்கு. "பேரை அடிச்சிடவா?" என்று கேட்டார். "வேணாம், இருக்கட்டும்" என்றேன். அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் கீழே ஹாரன். காது கிழிகிற அதே அடி.

தங்கை அதற்கு முன்பே தலை வாரி, செருப்புப் போட்டு, ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தாள். என்னிடம் சொல்லியிருக்கவில்லை. லிஃப்டில் நானும் இறங்கினேன்.

மஞ்சள் நிறப் பள்ளி வேன், ஓட்டுகிற இருக்கையில் அவர். உள்ளே இன்னும் பிள்ளைகள் ஏறவில்லை. பிள்ளைகளை ஏற்றப் போகிற வழியில் பிசியோதெரபி வாசல் இருக்கிறது, பள்ளியிலும் கேட்டுவிட்டாராம். தங்கையை ஏற்றிவிட்டு நானும் படியில் கால் வைத்தேன்.

"சின்னவங்க மட்டும்" என்றார், முன்னாடியே பார்த்துக்கொண்டு.

இறங்கிவிட்டேன். வண்டி வளைவு திரும்பும்வரை நின்றேன். பிறகு மாடிக்கு வந்து பழைய தாள்களில் ஒன்று மீந்திருந்ததை எடுத்தேன். எனக்கும் ஒன்று கொடுத்திருந்தார்கள். எதற்கென்றுகூடப் பார்க்காமல் வைத்துவிட்டேன், நிரப்பவே இல்லை. நேரத்துக்கு வருகிறாரா: பத்து. பத்திரமாக ஓட்டுகிறாரா: பத்து. கனிவாகப் பேசுகிறாரா: பேனா வெகுநேரம் அங்கே நின்றது. காலியாக விட்டேன்.

பழக்கம் போகவில்லை, வீட்டுப்பாடம் ஒன்று எழுதி முடிக்கிறேன். எனக்கும், இந்தப் பக்கத்தை எப்போதாவது திறக்கிறவர்களுக்கும்:

உனக்குப் பிடிக்காத ஒருவரைப் பற்றிய அட்டவணையை எடுத்துக்கொள். நகல் எடு. சராசரி பார்ப்பதற்கு முன் காலிக் கட்டங்களை மட்டும் தனியாகப் பிரி. அவற்றில் ஒன்றைக் காலியாக விட்டவரிடம் நேரில் போய், ஏன் என்று கேட்டுவிட்டு வா.